நீல டிக் விழுந்த பிறகு

இன்சூரன்ஸ் பாலிசிக்குக் கொட்டேஷன் கேட்டது வாடிக்கையாளர்கள்தான். வயது, வருமானம், புகைப் பழக்கம் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள். 'சாயங்காலம் அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்' என்றார்கள். அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது. அதற்கப்புறம் ரிங் போகிறது, எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையில் நேரடியாக 'வேண்டாம்' என்பவர்கள் குறைவு. இப்படிக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பெயரை அடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் தினமும் அழைத்து, தங்கள் எண்ணை பிளாக் செய்ய வைத்துவிடுகிறார்கள். எனக்குப் பட்டது வேறு. பேச்சு நின்றுபோனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது பாலிசியைப் பற்றியதே இல்லை. 'நான் போய்ட்டா உனக்கு இவ்வளவு வரும்' என்று மனைவியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் ஏஜென்ட்டாக இருப்பார். அவரை விட்டு வெளியாளிடம் எடுத்தால் மனத்தாங்கல் வரும். மாதக் கடைசியாக இருக்கும். இதையெல்லாம் ஏஜென்ட்டிடம் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? போனை எடுக்காமல் இருந்துவிடுவது சுலபம்.

இந்தக் காரணங்களில் நான் அதிகம் பார்த்தது மருத்துவப் பரிசோதனை பயம். ஒருவர் டெர்ம் பாலிசிக்கு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசிக்கு, அவ்வளவு ஆர்வமாக இருந்தார். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவார் என்று சொன்ன நாளோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாள் விட்டு, அலுவலக நேரம் முடிந்த பிறகு அழைத்தேன். எடுத்தார். பாலிசியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "சார், டெஸ்ட்னு சொன்னதும் ஏதாவது சங்கடமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் நிறுத்தி, "சுகர் இருக்குங்க. அன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். நாலு நாள் வாயைக் கட்டிட்டு டெஸ்ட் எடுத்துக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார்.

அது நடக்காது என்று விளக்கினேன். எச்பிஏ1சி என்ற பரிசோதனை முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டிவிடும். நாலு நாள் பத்தியத்தால் அதை மாற்ற முடியாது. அப்படியே தப்பித்துப் பாலிசி கிடைத்தாலும், மறைத்த விஷயம் கிளெயிம் நேரத்தில்தான் வெளியே வரும். அப்போது பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார். பணத்தைப் பெற வேண்டிய நாமினியாக அவர் மனைவிதான் நிற்பார். உண்மையை எழுதினால் கம்பெனி பிரீமியத்தைக் கூட்டலாம், கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், மறுக்கவும் செய்யலாம். மூன்றையும் மறைக்காமல் சொன்னேன். 'சரிங்க, சுகர்னே எழுதுங்க' என்றார். கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி வந்தது. 'என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?' என்று நான் ஆரம்பித்திருந்தால் அந்தப் பேச்சு அரை நிமிடம்கூடத் தாண்டியிருக்காது.

அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. அதில் கடன் வசூலிக்க வந்தவரின் தொனி இருக்கிறது. மறுபடி அழைப்பதென்றால் அவருக்குப் பயன்படுகிற ஒரு சேதியோடு அழைக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு சேதி எப்போதும் கையில் இருக்கிறது: பிறந்த தேதி. ஆயுள் காப்பீட்டில் வயது ஏறினால் பிரீமியம் ஏறும். சில கம்பெனிகள் கடைசியாக முடிந்த பிறந்தநாளை வைத்து வயதைக் கணக்கிடும். சில, எந்தப் பிறந்தநாள் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அங்கே பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு வயது கூடிவிடும். பலருக்கு இது தெரியாது. அதனால் என் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியும், அந்த ஆறு மாதக் கணக்குத் தேதியும் இருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் பழைய தொகை, புதிய தொகை இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டு விட்டுவிடுவேன்.

வயதை வைத்து பிரீமியம் போடுவதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லண்டனில் 1706-ல் தொடங்கிய அமிக்கபிள் சொசைட்டி என்ற ஆயுள் காப்பீட்டுச் சங்கம், 45 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியருக்கு அந்தக் காரணத்தால் அங்கே இடம் கிடைக்கவில்லை. வயதுக்குத் தகுந்த பிரீமியம் வாங்கினால் மூத்தவர்களையும் சேர்க்கலாமே என்று அவர் கணக்குப் போட்டார். 1757-ல் இறந்துவிட்டார். அந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு 1762-ல் ஈக்விடபிள் என்ற நிறுவனம் தொடங்கியது. 'இந்த வயசுல யாரு எனக்கு பாலிசி தருவாங்க' என்று ஒதுங்கியிருக்கும் ஒருவரிடம் டாட்சன் கதையைச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

மருத்துவக் காப்பீட்டில் சேதி வேறு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும்வரை அந்த நோய்க்கான செலவு கிடைக்காது. பாலிசி தொடங்கிய நாளிலிருந்துதான் அது ஓட ஆரம்பிக்கும். ஒரு வருடம் யோசித்தால், கவரேஜும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதை ஒரே மெசேஜில் சொல்லிவிடலாம்.

பயமுறுத்துவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. விபத்துப் படங்களையும் மரணச் செய்திகளையும் அனுப்பிவிட்டு 'யோசிச்சீங்களா?' என்று கேட்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பாலிசி விற்றாலும், பயம் தணிந்ததும் அடுத்த தவணை நின்றுபோகும், பாலிசி காலாவதியாகும். கட்டிய பணமும் போய், பாதுகாப்பும் போன குடும்பத்துக்கு அந்த ஏஜென்ட் என்ன பதில் சொல்வார்?

எதற்கும் பதில் இல்லையென்றால் கடைசியாக ஒன்று அனுப்புவேன்: 'இப்போதைக்கு வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல் போதும். மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன்.' மற்ற எதையும்விட இதற்குத்தான் பதில் அதிகம் வருகிறது. மறுக்க வழி கிடைத்ததும் மனிதர்கள் இளகிவிடுகிறார்கள். சிலர் 'வேண்டாம்' என்பார்கள். அந்த எண்ணை நான் மறுபடி தொடுவதில்லை. சிலர் 'அடுத்த மாசம் பேசலாமா?' என்பார்கள்.

'வேற இடத்துல பாலிசி எடுத்துட்டேங்க, அதான் போன் எடுக்கல' என்று தயங்கிச் சொல்பவர்களும் உண்டு. 'நல்லது சார்' என்று சொல்லிவிட்டு, ப்ரொபோசல் ஃபார்மின், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தின், நகலை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். இருக்கிற நோய் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, நாமினி பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்கிறதா, பாலிசி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' வந்தால் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்ணைப் போடுவேன்.