சில்கா முடிந்தது, இனி லோனாவாலா

செப்டம்பர் 7, நீடாமங்கலம்

அண்ணன் மகள் ஒடிசாவின் சில்காவில் கடற்படையின் 16 வார ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டு லீவில் வந்திருக்கிறாள். அடுத்து லோனாவாலா, கடற்படையின் இன்ஜின் பயிற்சிப் பள்ளியான ஐ.என்.எஸ். சிவாஜி. நான் இன்ஜின் வேலை படித்த அதே இடம். "கஷ்டமெல்லாம் முடிஞ்சுதா சித்தப்பா?" என்று கேட்டாள். ஓட்டமும் பரேடும் கொஞ்சம் குறையும். படிப்பு இனிமேல்தான் நெருக்கும் என்றேன். அவளோடு இருந்த பிள்ளைகள் பிரிவுக்குத் தக்கபடி வெவ்வேறு கடற்படைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். மின்சாரப் பிரிவு ஜாம்நகர் வல்சுராவுக்கு, பீரங்கிப் பிரிவு கொச்சி துரோணாச்சாரியாவுக்கு, ஸ்டோர் பார்ப்பவர்கள் மும்பை ஹம்லாவுக்கு.

செப்டம்பர் 9

அண்ணனுக்கு ஒரே கவலை: அவளைப் போல நாலு வருட வேலைக்கு எடுக்கப்படும் அக்னிவீரர்களில், அது முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். நியாயமான கவலைதான். அதனால்தான் தொழிற்பள்ளியைச் சாதாரணமாக நினைக்காதே என்று அவளிடம் அழுத்திச் சொல்கிறேன். கப்பலில் நீடித்தாலும் வெளியே வந்தாலும் அங்கே கற்ற வேலை கையோடு இருக்கும்.

செப்டம்பர் 10

இன்று குறுவை அறுப்பு, எழுத நேரமில்லை.

செப்டம்பர் 12

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பைப் லைன் படம் போட்டுக் காட்டினேன். வகுப்பில் பம்ப், வால்வு, கூலர் எல்லாவற்றையும் படமாகப் போடச் சொல்வார்கள். படம் போட்டால் மட்டும் போதாது. எரிபொருள் டாங்கில் தொடங்கி இன்ஜின் வரைக்கும் அந்தக் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். குழாய் தரைத் தகட்டுக்கு அடியில் போனால் நாமும் குனிந்து உள்ளே போக வேண்டும். எந்த வால்வு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். கப்பலில் விளக்கு அணைந்துபோனால் கைதான் கண். மணிக்கொரு தடவை எண்ணெய் அழுத்தம், தண்ணீர் வெப்பம் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவதும் அப்படித்தான். மீட்டரைப் பார்க்காமல் போன மணிக்கு எழுதியதையே திரும்ப எழுதும் பழக்கம் மட்டும் வரவே கூடாது.

அப்பாவின் மோட்டார் கொட்டகையில் டீசல் இன்ஜின் பிரித்துப் பழகியவள் அவள். பயமில்லை.

செப்டம்பர் 14

சேதக் கட்டுப்பாடு, அதாவது கப்பலில் ஓட்டை விழுந்தாலோ தீப்பிடித்தாலோ சமாளிக்கும் பயிற்சி பற்றிக் கேட்டாள். அந்தப் பள்ளியும் சிவாஜியிலேயே இருக்கிறது. இரும்பு அறைக்குள் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும். மர ஆப்பு, கட்டை, மெத்தை வைத்து அடைக்க வேண்டும். வெண்ணாற்றங்கரை உடையும்போது ஊரே மூங்கிலும் மணல் மூட்டையுமாக ஓடுமே, அதே அவசரம்தான். தனியாளாக ஒருவராலும் முடியாது. ஒருவர் ஆப்பைப் பிடிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். தீயணைப்பிலும் புகை மேலே நிற்கும், ஆள் தாழ்ந்தே போக வேண்டும். அங்கே குரலை உயர்த்திக் கத்துவார்கள். கோபப்படாதே, அந்த இரைச்சலிலும் உத்தரவு காதில் விழப் பழக்குகிறார்கள் என்றேன்.

செப்டம்பர் 17

நாளை ரயில். சென்னை போய், அங்கிருந்து புனே, அப்புறம் லோக்கல் ரயிலில் லோனாவாலா. மலை ஊர், மழை இன்னும் விட்டிருக்காது. துணி லேசில் காயாது, சாக்ஸ் கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னேன். பாடம் ஆங்கிலத்தில், பேச்செல்லாம் இந்தியில். புரியாவிட்டால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கேட்டால் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அண்ணி முறுக்கு டப்பாவை நிரப்பியிருக்கிறார். வகுப்புக்கே சேர்த்து நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.