கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை

மதுரை வட்டாரப் பள்ளி, கல்லூரிகளில் சைகைமொழி பெயர்க்கப் போகும் எங்களிடம் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "நான் மெதுவாப் பேசணுமா?" என்பதுதான். வேண்டாம். வழக்கமான வேகத்திலேயே பேசலாம், நாங்கள் ஒரு வாக்கியம் பின்னால் வந்துகொண்டிருப்போம். எங்களுக்கு வேண்டியது இடைவெளி.

கரும்பலகையில் இதயத்தை வரைந்துகொண்டே ரத்த ஓட்டத்தை விளக்கினால், காது கேட்கும் பிள்ளைக்கு விளக்கம் காதுக்கும் படம் கண்ணுக்கும் போகிறது. காது கேளாத பிள்ளைக்கு இரண்டும் கண் வழியாகவே வந்தாக வேண்டும். படத்தைப் பார்த்தால் சைகை போயிற்று, சைகையைப் பார்த்தால் படம் போயிற்று. வரைந்து முடித்து, சில விநாடி பார்க்கவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பிய பிறகு பேசினால் போதும். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் வகுப்பு இன்னும் மோசம். எழுதக் குனிந்த பிள்ளைக்கு அடுத்த வரி கிடைக்காது. முந்தின நாளே நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து அவர்களுக்கும் எங்களுக்கும் கொடுத்துவிடலாம்.

கேள்வி நேரத்திலும் இதே சிக்கல்தான். நாங்கள் கேள்வியைப் பெயர்த்து முடிப்பதற்குள் முன்வரிசை பதிலைக் கத்திவிடும். எங்கள் கை கீழே இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே அந்தப் பிள்ளையும் கை தூக்கத் தொடங்கும்.

"உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவான் சார்" என்ற நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. பாலை, மாலை, படம், மடம். உதட்டில் இவை ஒன்றுதான். ககரம் அடிநாக்கில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. அவனை, அவனுக்கு, அவனால் என்னும் உருபுகள் பேச்சில் தேய்ந்து போகின்றன. சைகைமொழியிலோ யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை நகரும் திசையே சொல்லிவிடும், உருபு தேவையில்லை. அதனால் இந்தப் பிள்ளைகளின் எழுத்துத் தமிழில் உருபுகள் விடுபடுகின்றன. அது அறிவுக் குறைவல்ல. அறிவியல் விடைத்தாளில் கருத்து சரியாக இருந்தும் வாக்கியத்துக்காக மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம்.

காதில் மெஷின் மாட்டியிருந்தால் எல்லாம் கேட்கும் என்பதும் தவறு. மெஷின் ஆசிரியரின் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் பெரிதாக்கும். சித்திரை வெயிலில் வியர்வை இறங்கினால் அதுவும் கெடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

நாங்கள் நிற்க வேண்டிய இடம் கரும்பலகைக்குப் பக்கம். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் பின்வெளிச்சத்தில் முகம் கறுத்துவிடும். புருவமும் வாயும் சைகைமொழியின் இலக்கணத்தில் பாதி. கோடும் பூவும் இல்லாத, தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒற்றை நிற உடை. வளையலும் வேண்டாம். ஒருவரே 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பெயர்த்தால் பிழை கூடும், அது பெயர்ப்பவருக்கே தெரியாது. நாள் முழுக்க ஒரே ஆளை நிறுத்துவதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். நட்டம் மாணவருக்கு.

கலைச்சொற்களில்தான் அதிக நேரம் போகிறது. இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 10,000 சொற்கள் உண்டு. ஆனாலும் கல்லூரிப் பாடத்துக்கு அது எட்டாது. விரலால் எழுத்துக்கூட்டலாம் என்றால் அதில் பழக்கத்தில் இருப்பது இரண்டு கையால் காட்டும் ஆங்கில எழுத்து. ஆகவே தமிழ்வழி வகுப்பில் 'சவ்வூடு பரவல்' வந்தால் முதலில் பலகையில் எழுதுவோம். பொருளை விளக்குவோம். பிறகு மாணவர்களே ஒரு சைகையை ஒத்துக்கொள்வார்கள், நாங்களாக உருவாக்கித் திணிப்பதில்லை. அதை போனில் படம்பிடித்து வைத்தால்தான் அடுத்து வருபவரும் அதே சைகையைக் காட்டுவார். பாடப்பகுதி ஒரு நாள் முன்பே கைக்கு வந்தால் இந்த வேலை பாதியாகும்.

சுற்றுலாவுக்கும் முன்னேற்பாடு வேண்டும். கீழடி அருங்காட்சியகத்தில் 'ஆதன்' என்று பொறித்த பானை ஓட்டைக் காட்டியபடியே வழிகாட்டி பேசுவார். விளக்கம் முதலில், பார்ப்பது பிறகு என்று அவரிடம் வாசலிலேயே பேசிவைக்க வேண்டும். திருமலை நாயக்கர் மகாலில் ஒலி-ஒளிக் காட்சியின்போது இருட்டில் சைகை தெரியாது. அதில் வரும் சிலப்பதிகாரக் கதையைக் காட்சி காட்சியாக வகுப்பிலேயே சொல்லிவிட்டு, அங்கே எங்கள் கை மேல் மட்டும் விழும்படி சிறிய எல்இடி விளக்கு வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. காது கேளாத ஆசிரியர் ஒருவர் நேரடியாகச் சைகையில் நடத்தும் வகுப்புக்கு எங்கள் பெயர்ப்பு ஈடாகாது. அந்த நியமனங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது மத்திய வழிகாட்டு நெறி. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. அது கிடைத்தாலும் வினாத்தாள் திருத்தத்தைக் கண்காணிப்பாளர் வாயால் அறிவித்துவிட்டுப் போனால் பயனில்லை. திருத்தத்தையும் மீதி நேரத்தையும் பலகையில் எழுதிவிட்டு, அந்த மாணவரின் மேசையைத் தட்டிக் காட்ட வேண்டும்.