தண்டையார்பேட்டை நாட்குறிப்பு: வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்த ஆடி

7 ஜூலை 2025, திங்கள்

காலை எட்டரைக்கு மெட்ரோ வாசலில் போய் நின்றேன். ஆஸ்திரேலியாவிலிருந்து மூன்று மாணவர்கள், மூவருக்கும் கடைசி வருடம். பையன் பிசியோதெரபி. பெண்களில் ஒருத்தி ஆக்குபேஷனல் தெரபி (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது), இன்னொருத்தி ஸ்பீச் தெரபி (பேச்சுக்கும் விழுங்குவதற்குமான சிகிச்சை). நான்கு வாரம் எங்கள் தெரபி மையத்தில் பயிற்சிக்கு இருப்பார்கள். இதை அவர்கள் 'பிளேஸ்மென்ட்' என்கிறார்கள். அதைக் கேட்ட எங்கள் ரிசப்ஷன் அக்கா, "இங்கயே வேலைக்குச் சேர்றாங்களா?" என்றார். நம்மூரில் பிளேஸ்மென்ட் என்றால் கேம்பஸில் கிடைக்கும் வேலைதானே. நாங்கள் படித்த காலத்தில் இதற்கு 'போஸ்டிங்' என்றுதான் பெயர்.

தினமும் மணிக்கணக்கு எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி படிப்பவர்கள் குறைந்தது 1000 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பின் விதி. 1952-ல் அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னேன். முதல் வாரம் பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான், சிகிச்சை கொடுக்கக் கூடாது. உங்கள் ஊரில் எதைச் செய்ய அனுமதி இல்லையோ அதை இங்கேயும் செய்யக் கூடாது. போட்டோ கூடவே கூடாது. சில வருடம் முன்னால் வந்துபோன ஒருவர் எங்கள் குழந்தை ஒன்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். அந்தக் குழந்தையின் அம்மா என் முன்னால் வந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

9 ஜூலை, புதன்

பையனை ஏலக்கார அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு 58 வயது. காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். மார்ச்சில் வலது கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. வீடு ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. மையத்தில் பாரலல் பாருக்குள், அதாவது இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற கம்பிகளுக்கு நடுவில், அழகாக நடக்கிற மனிதர், மார்ச்சுக்குப் பிறகு கீழே இறங்கியதெல்லாம் மகன் தூக்கிக்கொண்டு வந்துதான்.

பையன் படிகளை ஒவ்வொன்றாக அளந்தான். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அது ஏறும்போது வலது பக்கம், அதாவது அவருடைய முடியாத கைப்பக்கம். பையன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "நாம் நடையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறோம், இவருக்குப் பிரச்சனை படி" என்றான். சரியாகப் பிடித்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில் என்பது எந்த ஊர்ப் பாடத்திலும் ஒன்றுதான். கை எங்கே பிடிப்பது என்பதை மட்டும் இந்தப் படியில் நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

ஸ்பீச் தெரபி பெண் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள், நான் மொழிபெயர்த்தேன். அச்சிட்ட தமிழ்த் தாளில் "இப்பொருளின் பெயரைக் கூறவும்" என்று இருந்தது. படித்துக் காட்டியதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் முன்னால் நிற்பது போல ஆகிவிட்டது அவருக்கு. தாளை மூடிவிட்டு, "இன்னாண்ணா இது?" என்றேன். நிமிர்ந்தார்.

கட்டில் படத்துக்கு "பாய்" என்றார். நான் ஆங்கிலத்தில், "கட்டில் என்கிறார், கொஞ்சம் தயங்குகிறார்" என்றேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கு "இட்... இட்டி... வூட்ல... அது" என்றார். "வீட்டில் இட்லி சாப்பிட்டேன் என்கிறார்" என்றேன். இப்படி ஏழெட்டு கேள்வி போனது. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அவர் துண்டு துண்டாகத்தானே சொல்கிறார், நீங்கள் முழு வாக்கியமாகச் சொல்கிறீர்களே. தப்பையும் சேர்த்து எனக்குத் தர முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயாளியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பல வருடங்களாக இதைத்தான் செய்து வந்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியதோ அந்தத் தப்புதான். கட்டிலைப் பாய் என்றால் பொருள் பக்கத்தில் வந்துவிட்டது, சொல் மட்டும் தவறிவிட்டது. இட்லி இட்டி ஆனால் சொல் வந்துவிட்டது, ஒலி தவறியது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. நான் சரி செய்து கொடுத்ததால் அவள் தாளில் நோயே இல்லாத ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

இனி எங்கள் இன்டர்ன் பெண் அவர் சொல்வதைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதுவாள், நான் அப்புறம்தான் பொருள் சொல்வேன். வீட்டில் அண்ணியும் மகனும்கூட அவர் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிறார்கள் என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. நான்கு மாதமாக அந்த மனிதரை யாரும் ஒரு சொல் முடிக்க விடவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

அண்ணி மீன் விற்று முடித்து, கூடையோடு நேராக மையத்துக்கு வந்தார். பேச்சுவாக்கில், "ராத்திரி தூக்கத்துல ஏலம் வுடறார்மா" என்றார். மொழிபெயர்த்தேன், அப்படியே. ஸ்பீச் தெரபி பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெறும் கூடையைத் தரையில் வைத்து, அண்ணி "ஆயிரம்!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். "ஆயிரத்தி நூறு, எரநூறு, முந்நூறு, நானூறு..." அதே பழைய குரல், அதே வேகம். இரண்டாயிரம் வரை ஒரு தடங்கல் இல்லை. பக்கத்து அறையிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் அவசரப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. பாடிப் பழகிய பாட்டு, கிழமை, எண் வரிசை எல்லாம் பேச்சு போனவர்களிடம்கூடப் பல சமயம் தங்கிவிடும், ஆனால் நினைத்த சொல்லை எடுத்துச் சொல்வது வேறு என்று அண்ணியிடம் தெளிவாகச் சொல்லச் சொன்னாள். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஆனால் இதைப் படியாக வைக்கலாம். வேண்டிய எண் வரும்வரை வரிசையாக எண்ணிப்போய் அங்கே நிற்பது. நிற்பதுதான் கஷ்டம். இன்று ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆயிரத்தி ஐந்நூறு என்று எழுதிக் காட்டினால் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்.

18 ஜூலை, வெள்ளி

அண்ணன் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். தடித்த பிடி போட்ட ஸ்பூனைத் தள்ளிவிட்டார். சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதலாமா என்று ஆக்குபேஷனல் தெரபி பெண் கேட்டாள். "வேண்டாம், முதலில் நீ கையால் சாப்பிட்டுப் பார்" என்றேன். மூன்று நாளாக மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சோற்றை விரல் நுனியில் சேர்த்து, கட்டை விரலால் தள்ளுவது ஸ்பூன் பிடிப்பதற்குச் சம்பந்தமே இல்லாத அசைவு என்று இன்று அவளாகவே சொன்னாள். இப்போது களிமண் உருண்டையில் அந்தத் தள்ளலைப் பழக்குகிறாள். தட்டுக்கு விளிம்பு, முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு. ஸ்பூன் அலமாரிக்குப் போய்விட்டது.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு, தெருவெல்லாம் கூழ். விழுங்க முடியாமல் கஷ்டப்படும் ஆயா ஒருவர், "அம்மன் கூழ் ஒரு வாய் குடுங்க கண்ணு" என்று போன வாரமே கேட்டிருந்தார். எதைக் குடித்தாலும் அது மிதமான கெட்டியாக இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. லீவு நாள் என்றும் பாராமல் ஸ்பீச் தெரபி பெண் சிரிஞ்சோடு வந்தாள். கூழை அந்தச் சிரிஞ்சில் 10 மில்லி ஊற்றி, 10 விநாடி ஒழுக விட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். 8 மில்லிக்கு மேல் மிஞ்சினால் மிதமான கெட்டி. கோயில் கூழில் நொய் தட்டியது, வெங்காயத் துண்டு வேறு. மிக்சியில் அடித்து, வடிகட்டி, மறுபடி அளந்தாள். 9 மில்லி நின்றது. நிமிர்த்தி உட்கார வைத்து, அரை அரை ஸ்பூனாக, ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து கொடுத்தோம். இருமல் இல்லை. ஆயா முழுக் கிண்ணமும் குடித்தார்.

24 ஜூலை, வியாழன்

எங்கள் இன்டர்ன் பெண் இன்று கேட்டாள்: "மேடம், நானும் அங்க போய் இதே மாதிரி நாலு வாரம் பாக்க முடியுமா?" என்னிடம் நல்ல பதில் இல்லை. படிப்பு முடித்து அங்கே வேலைக்குப் போக வழி உண்டு. ஆஸ்திரேலியா என்றால் அங்குள்ள பிசியோதெரபி கவுன்சிலின் மதிப்பீடு, இங்கிலாந்து என்றால் எச்சிபிசி என்கிற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு. கற்றுக்கொள்ள மட்டும் போய்வர, கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு விமான டிக்கெட்டே பெரிய சுவர். வருபவர்களுக்கு நாம் வாசலைத் திறந்து வைக்கிறோம், அதே வாசல் அந்தப் பக்கமும் திறக்க வேண்டும். இதை அவர்களுடைய பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கப் போகிறேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

கடைசி நாள். கேக் வெட்டலாம் என்றார்கள், காலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை முழுக்க, செய்துவந்ததை வீட்டாரிடம் ஒப்படைக்கும் வேலை. பையன் படியில் கீழே நின்று தாங்குவதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்து, அவன் தனியாக மூன்று தடவை தப்பில்லாமல் செய்யும்வரை விடவில்லை. ஸ்பீச் தெரபி பெண் அண்ணிக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தாள், எழுத்தே இல்லாமல் படமாக: அவர் பேச ஆரம்பித்தால் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திரு. அண்ணிக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று அவரே சொன்னார்.

மதியம் கேக் வந்தது. ஆயாவுக்குக் கிடையாது, அவருக்குக் கூழ்.

6 ஆகஸ்ட், புதன்

காலையில் அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பின்னால் மார்க்கெட் சத்தம். அண்ணனைக் கீழே இறக்கி, மீன் விற்கிற இடத்துக்கே ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறார்கள். யாரோ விலை கேட்கிறார்கள். அண்ணி பதில் சொல்லவில்லை. நீளமாக ஒரு மௌனம். நானும் கூடவே எண்ணினேன், எட்டு வரை. அப்புறம் அண்ணன்: "நூறு... நூத்தி பத்து... இருவது... முப்பது... நாப்பது... அம்பது..." ஓடிக்கொண்டே போகிறார், இருநூறையும் தாண்டிவிட்டார்.

"ம்ம். முதல்லருந்து சொல்லு" என்கிறார் அண்ணி. அவர் மறுபடி நூறிலிருந்து ஆரம்பிக்கிறார்.