செவுளைத் தூக்கிக் காட்டியவர்

“இது நேற்றைய ஐஸ் மீன், குழந்தைக்கு வேண்டாம்மா” என்று சொல்லி, கடலூர் முதுநகர் மீன் அங்காடியில் அந்த அக்கா, வெளிறிப்போன செவுளைத் தானே தூக்கிக் காட்டினார்.

கழுத்தில் சிறிய சிலுவை. கூடையருகே மதப் பிரசாரக் கைப்பிரதி ஏதும் இல்லை.

எல்லா ஜாதிகளையும் (அதாவது எல்லா நாட்டு மக்களையும்) இயேசுவின் சீஷராக்கச் சொல்லும் பைபிள் வசனமான மத்தேயு 28:19 நற்செய்திக் கூட்டங்களில் தவறாமல் முழங்குகிறது. இயேசு கட்டளையிட்டவற்றைக் கைக்கொள்ளவும் கற்பிக்கச் சொல்லும் அடுத்த வசனமோ (ஒலிபெருக்கிக்கு அது ஒத்துவரவில்லை போலும்) அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

1740-இல் இங்கு வந்த சுவீடன் நாட்டு மிஷனரி கீர்னாந்தர் காலத்திலிருந்தே இவ்வூரில் பிரசங்கத்துக்குக் குறைவில்லை.

ஆனால், வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஒருவர் மேடையேறித் தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது, எதிரே அமர்ந்திருக்கும் கடன் கொடுத்தவரின் காதில் எந்தச் செய்தி விழும்?