குடைமிளகாயும் ரங்கமணியின் மூக்கும்

நம்ம ரங்கமணிக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கிறதே சிலே வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அடுப்புல பால் பொங்கி, கருகி, எதிர்வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினாலும் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காத மனுஷன். நேத்து மைப்போ பள்ளத்தாக்குல ஒரு திராட்சைத் தோட்டத்துல ஒயின் கோப்பையைச் சுழட்டி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, எந்தத் திராட்சை ரகம்னு கண்டுபிடிச்ச மாதிரி "மெர்லோ"ன்னு தீர்ப்பு சொன்னார். மூணு வாரமா ராத்திரி பூரா யூட்யூப் பாத்த படிப்பு, சும்மாவா?

எனக்கு வந்ததென்னவோ பச்சைக் குடைமிளகாய் வாசனை. சத்தியமா. போத்தல் விலையை ரூபாய்ல பெருக்கிப் பாத்து ஏற்கெனவே நெஞ்சு படபடன்னு இருந்தது. இவ்வளவு காசுக்குக் குடைமிளகாயான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மேஜைக்கடியில ரங்கமணி என் காலை மிதிச்சார்.

சுத்திக் காட்ட வந்த பொண்ணு சிரிச்சா. இது மெர்லோ இல்லையாம், கார்மெனேர்ங்கிற வேற திராட்சையாம். நல்லாப் பழுக்கவிட்டு எடுக்கிற உசத்தி ரகத்துல அந்த வாசனை லேசாத்தான் இருக்குமாம். அதையும் பிடிச்சுட்டீங்களேன்னா. காலை மெதுவா விடுவிச்சுக்கிட்டேன்.

அப்புறம் சொன்னா பாருங்க ஒரு கதை. பிரான்ஸ்ல போர்தோதான் இந்தக் கொடிக்குப் பொறந்த வீடு. 1850கள்ல குச்சி வெட்டிக் கொண்டுவந்து சிலேல நட்டிருக்காங்க. பின்னாடியே ஃபைலாக்ஸரான்னு ஒரு பூச்சி பிரான்ஸ்ல வேரை உறிஞ்சி தோட்டம் தோட்டமா அழிச்சுடுச்சு. திரும்ப நட்டவங்க, ஒழுங்காக் காய்க்காத இந்தச் சவலையைச் சீந்தல. எள்ளும் தண்ணியும் இறைக்காத குறை. இங்கே ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, ஒரு பக்கம் பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். பூச்சி எங்கிட்டு வரும்? நம்மாளு மெர்லோங்கிற பேர்ல கமுக்கமா குடும்பம் நடத்தியிருக்கார். மெர்லோ பழுத்து மூணு வாரமாவது கழிச்சுத்தான் இது பழுக்கும். அது தெரியாம ரெண்டையும் ஒண்ணாப் பறிச்சுட்டு, சிலே மெர்லோன்னா காரசாரமா, பச்சை வாசனையோடதான் இருக்கும்னு நூறு வருஷத்துக்கு மேல சமாதானம் சொல்லியிருக்காங்க. 1994 நவம்பர்ல ழான்-மிஷேல் பூர்சிகோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதே மைப்போவுல கார்மென்னு பேர் வச்ச ஒரு தோட்டத்துக் கொடியைப் பாத்துதான் குட்டை உடைச்சாராம்.

"பாத்தியா, ஊரே மெர்லோன்னுதானே சொல்லியிருக்கு?" இது ரங்கமணி. விழுந்தாலும் மீசையில மண் ஒட்டாது. மீசையே கிடையாதுங்கிறது வேற விஷயம்.

ரூமுக்கு வந்து குடும்பக் குழுவைத் திறந்தா, கோப்பையும் கையுமா ஐயா படம். கீழே: "முதல் மடக்குலயே குடைமிளகாய் வாசனையைக் கண்டுபிடிச்சேன். தோட்டத்துக்காரங்களே அசந்துட்டாங்க."

அத்தைகிட்டேருந்து உடனே குரல் செய்தி: "ஏண்டா, திராட்சை ஜூஸ்ல குடைமிளகாயை எவன் போட்டான்? குடிக்காதே, உனக்கு வாயுவாச்சே."