வெண்டைப் பூவுக்கு நூல் கட்டினேன்

செய்யாறு பக்கம் எங்களுக்கு இருப்பது 60 சென்ட். கிணற்றுத் தண்ணீர், இரண்டு மாடு, உரம் எல்லாம் வீட்டிலேயே. போன வருஷம் ஒரு விதைத் திருவிழாவில் வெள்ளை வெண்டை விதை ஒரு கைப்பிடி கிடைத்தது. கொடுத்தவர் காசு வாங்கவில்லை. "விளைஞ்சதும் ரெண்டு கைப்பிடியா திருப்பிக் கொடுங்க, போதும்" என்றார்.

அந்த வருஷம் நன்றாகவே விளைந்தது. தந்தம் மாதிரி வெளுப்பு, குழம்பில் போட்டால் நார் இல்லை. கடைசியில் நாலைந்து காயை முற்ற விட்டு விதை எடுத்துவைத்தேன். இந்த மாசியில் அதையே நாலு வரிசை ஊன்றினேன். விதையைப் பீஜாமிர்தத்தில் (மாட்டுச் சாணம், கோமியம், சுண்ணாம்பு சேர்த்த விதைநேர்த்திக் கரைசல்) நனைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை. வெள்ளை ஈ வந்தது, வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன், இலை நரம்பு மஞ்சளாகும் நோய் கண்ட நாலு செடியைப் பிடுங்கினேன். வழக்கமான பாடுதான்.

பங்குனிக் கடைசியில் காய் இறங்கியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஐந்தாறு செடியில் காய் பச்சையாக, குட்டையாக நின்றது. பக்கத்துக் கொல்லையில் போன வருஷம் ஹைப்ரிட் வெண்டை போட்டிருந்தார்கள். வெண்டை தன் பூவிலேயே கருவுறும்தான், ஆனால் தேனீ சும்மா இருக்காதே, அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிட்டது. அரசுச் சான்று பெறும் விதை எடுக்கும் வயலுக்கு, வேறு வெண்டை வயலிலிருந்து 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். என் நிலத்தில் நட்ட நடுவில் நின்றாலே 25 மீட்டரில் வரப்பு வந்துவிடும். பக்கத்துக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவருக்கும் பிழைப்பு.

விதை சேமிக்கும் ஒரு அண்ணன் போனில் வழி சொன்னார்: "மொட்டு வாயைக் கட்டிடு, தேனீ உள்ளே போகாது."

நாளை விரியப்போகும் மொட்டு சாயந்திரமே தெரிந்துவிடும். பச்சை உறை லேசாகப் பிளந்து, முறுக்கிய நுனி வெளிர் மஞ்சளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியில் பருத்தி நூலால் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் இதழ் அறுந்துவிடும், தளர்த்தினால் காலையில் பூ திறந்துகொள்ளும். முதல் நாள் கட்டிய பதினைந்தில் ஒன்பது வீண். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மற்றப் பூக்கள் எல்லாம் அரக்கு நிற அடியைக் காட்டி விரிந்திருக்க, கட்டியவை மட்டும் வாய் மூடி நின்றன. உள்ளுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும். மறுநாள், அதற்கு மறுநாள் பூ வாடி நூலோடு விழும். எந்தக் காய் எது என்று குழம்பாமல் இருக்கக் காம்பில் சிவப்பு நூல் ஒன்று தனியாகக் கட்ட வேண்டும். இதை முதல் இரண்டு நாள் நான் மறந்துவிட்டேன், என் மனைவி அதில் நாலைச் சாம்பாருக்குப் பறித்துவிட்டாள். சுனை பட்டுக் கையெல்லாம் அரிப்பு வேறு.

நல்ல வெள்ளையாகக் காய்த்த 12 செடியில் மட்டும் கட்டினேன். பத்து நாளில் எழுபது பூ, அதில் 52 காய் தேறியது. விதைக்கு விட்ட செடி அப்புறம் அவ்வளவாகக் காய்க்காது. அந்த 12 செடியும் சமையலுக்கு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். கத்திரி வெயிலில் காய் பழுப்பாகி, விளிம்பு வெடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருநாள் கோடை மழை இருட்டிக்கொண்டு வர, ஓடிப்போய் முக்கால்வாசி முற்றியதையெல்லாம் காம்போடு அறுத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். செடியிலேயே விட்ட மூன்று காய் பூஞ்சணம் பிடித்தது.

உதிர்த்து, சாம்பல் பிசறி, நிழலில் காயவைத்தேன். ஈரத்துணியில் 20 விதை மடித்துப் பார்த்ததில் 17 முளைத்தது. சரி, கொடுக்கலாம் என்று தைரியம் வந்தது.

போன வாரம், முதலில் விதை கொடுத்தவரைப் பார்க்கப் போனேன். இரண்டு கைப்பிடி என்று என் கையால் அள்ளிக் காகிதத்தில் கட்டி எடுத்துப்போயிருந்தேன். அவர் கை என்னுடையதைவிடப் பெரியது. பிரித்து, அவர் கையிலேயே அளந்து, குறைந்ததைப் பையிலிருந்து எடுத்துப் போட்டேன்.