மூன்றாவது படி

8.7.2024, திங்கள்

பணியிடைப் பயிற்சியில் இன்று ஸ்பைக்ஸ் முறையை விளக்கினார்கள். புற்றுநோய் போன்ற துயரச் செய்தியை நோயாளியிடம் சொல்வதற்காக வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலான மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு படிகள் அவை. முதல் படி, தனியிடம் அமைத்துக்கொள்வது. எங்கள் வார்டில் அதற்கு டிரெஸ்ஸிங் அறையை விட்டால் வேறு போக்கில்லை. என் மனத்தில் தங்கியது மூன்றாவது படி. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்டுவிட்டு, அதன் பிறகே வாய் திறக்க வேண்டும்.

10.7.2024, புதன்

பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று முடிவு வந்திருந்த பெரியவரின் மகன், ரவுண்ட்ஸுக்கு முன்பே வராந்தாவில் உதவிப் பேராசிரியரை மறித்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம், தாங்க மாட்டார்" என்று கைகூப்பினார். இப்படிக் கேட்காத குடும்பம் இங்கே அபூர்வம். நோயாளியின் உரிமையைச் சொல்லி மகனின் வாயை அடைக்கலாம். தலையாட்டிவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து நடிக்கவும் செய்யலாம். இரண்டாவதுதான் வழக்கம். மேடமோ, "உங்களுக்கு எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று மட்டும் கேட்டு, அவர் அழுது ஓயும்வரை கேஸ் ஷீட்டைப் புரட்டாமல் நின்றார். பிறகு, தானாக எதையும் திணிப்பதில்லை என்றும், பெரியவரே கேட்டால் பொய் சொல்ல இயலாது என்றும், மகனும் உடனிருக்கலாம் என்றும் நிதானமாகச் சொன்னார்.

11.7.2024, வியாழன்

"உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, ஐயா?" என்று மேடம் கேட்டதும், பெரியவர் மகனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாசல்ல இருக்கிற போர்டைப் படிக்கத் தெரியாதவனா நான்? ஊசிக்கு எத்தனை தடவை வரணும்னு சொல்லுங்க, நடவு வேலை கிடக்கு" என்றார். இரவுப் பணிக்கு வரும் சிஸ்டர் அவர் கட்டிலருகே குசுகுசுத்துவிடக் கூடாதென்பதால், ஹேண்ட் ஓவர் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: 'நோயாளிக்குத் தெரியும். மனைவியிடம் தானே சொல்வதாகக் கூறியுள்ளார்.'

13.7.2024, சனி

மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடல் ஆகியவற்றைக் கற்பிக்க இந்திய மருத்துவக் கவுன்சில் 2018இல் ஏட்காம் பாடத்தொகுதியை வெளியிட்டது, நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த உரையாடலை முடித்த கையோடு மேடம் நெரிசலான ஓ.பி.க்கு ஓடினாரே, அவர் மனத்தில் ஏறிய பாரத்தை யார் கேட்பது? லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1950களிலேயே மருத்துவர்களைக் குழுவாக உட்கார வைத்து, தங்களை அலைக்கழித்த நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். அதுபோல மாதம் ஒரு மணி நேரம் வேண்டுமென்று நாங்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ரோஸ்டரில் இடமிருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.